அதிபர் போகலாம், அவர் காகிதங்கள் போகக்கூடாது

1965 நவம்பரில் இந்திய உணவு, வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியம் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனைச் சந்தித்துப் பேசினார். இங்கே மழை பொய்த்துப் போயிருந்தது. பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின் கீழ் வரும் கோதுமைக் கப்பலை நம்பித்தான் ரேஷன் கடை ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோதுமையை மொத்தமாகத் தராமல் சின்னச் சின்னத் தவணையாகத்தான் விட வேண்டும் என்ற முடிவை அதிபர் லிண்டன் ஜான்சன் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். நம் பக்கத்துக் கதை ஓரளவு தெரிந்ததுதான். அந்தப் பக்கம் ஜான்சனின் மேசைக்கு என்ன குறிப்பு போனது, யார் என்ன சொன்னார்கள்?

இதைத் தெரிந்துகொள்ள நீங்கள் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, பேராசிரியராகவும் இருக்க வேண்டியதில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஜான்சன் நூலகம் இருக்கிறது. ஏறத்தாழ 4.5 கோடி பக்கங்கள் அங்கே பெட்டிகளில் அடுக்கியிருக்கின்றன. ‘தேசியப் பாதுகாப்புக் கோப்பு, நாட்டுக் கோப்பு, இந்தியா’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அதிபர்கள் எல்லாருடைய காகிதங்களுக்கும் ஒரே சட்டம் கிடையாது. நீங்கள் தேடுவது எந்த அதிபர் என்பதைப் பொறுத்து உங்கள் உரிமை மாறும்.

ரொம்ப காலம் அந்தக் காகிதங்கள் அதிபரின் சொந்தச் சொத்தாகவே இருந்தன. வாஷிங்டன் காலத்திலிருந்து பதவி முடிந்ததும் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். செஸ்டர் ஆர்தர் சாவதற்கு முந்தின நாள் தன் காகிதங்களில் பெரும்பகுதியை எரிக்கச் சொல்லிவிட்டார். லிங்கனின் மகன் அப்பாவின் காகிதங்களை நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தார், ஆனால் தான் இறந்து 21 ஆண்டு கழியும் வரை திறக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார். அதனால் 1947-ல்தான் அவற்றை ஆராய்ச்சியாளர்கள் பார்க்க முடிந்தது. லிங்கன் சுடப்பட்டது 1865-ல்!

இந்தப் பழக்கத்தை முதலில் மாற்றியவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். தன் காகிதங்களை அரசுக்கே தருவதாகச் சொல்லி, நியூயார்க் மாநிலத்தில் சொந்த ஊரான ஹைட் பார்க்கில் நூலகம் கட்டினார். 1941-ல் அது திறந்தது. 1955-ல் வந்த சட்டம் இந்த ஏற்பாட்டைப் பொதுவாக்கியது: கட்டடத்தைத் தனியார் நிதியில் கட்டிக் கொடுத்தால் தேசிய ஆவணக் காப்பகம் ஏற்று நடத்தும். ஆனாலும் அது தானம்தான். தானப் பத்திரத்தில் கொடுப்பவர் என்ன நிபந்தனை எழுதுகிறாரோ அதுவே சட்டம். ஹூவரில் தொடங்கி கார்ட்டர் வரை, நிக்சன் நீங்கலாக, எல்லா நூலகமும் இந்த வகை.

நிக்சன் ஏன் நீங்கலாக? 1974 ஆகஸ்டில் பதவி விலகியதும், தான் ரகசியமாகப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் உட்பட எல்லாவற்றின் மீதும் தன் பிடி இருக்கும்படி ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார். சில ஆண்டுகள் போனதும் நாடாக்களை அழிக்கவும் அதில் வழி இருந்தது. நாடாளுமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தனிச் சட்டம் போட்டு அத்தனையையும் அரசு வசமாக்கியது. அவர் வழக்குக்குப் போனார்; 1977-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் சொத்தை எடுத்துக்கொண்டதற்கு இழப்பீடு கேட்ட வழக்கு அவர் இறந்த பிறகும் ஓடி, 2000-ல் அரசு 1.8 கோடி டாலர் கொடுத்துத்தான் முடிந்தது. ஏறத்தாழ 3,700 மணி நேர ஒலிநாடாவில் சுமார் 3,000 மணி நேரம் இன்று மக்கள் கையில் இருப்பது அந்த 1974 சட்டத்தால்தான்.

இந்த அனுபவத்தில்தான் 1978-ல் அதிபர் ஆவணச் சட்டம் பிறந்தது. 1981 ஜனவரி 20-க்குப் பிறகு உருவான ஆவணங்களுக்கு, அதாவது ரீகன் முதல், இது பொருந்தும். அதிபர் தன் அலுவல் தொடர்பாக உருவாக்குவதும் பெறுவதும் அமெரிக்க அரசின் சொத்து. துணை அதிபருக்கும் இதே விதி. பதவிக்காலம் முடிந்த அன்றே பொறுப்பு தேசிய ஆவணக் காப்பாளரிடம் போய்விடும். சொந்த நாட்குறிப்பு, குடும்பக் கடிதம் மாதிரியானவை மட்டும் தனியார் சொத்தாக நிற்கும். எது சொந்தம், எது அலுவல் என்று பிரிப்பதும் அதிபரிடமே விட்டிருக்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று இந்தச் சட்டத்தில் இல்லை. என்னைக் கேட்டால் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். 2022 ஜனவரியில் டிரம்பின் ஃபுளோரிடா வீட்டிலிருந்து 15 பெட்டிகளைக் காப்பகம் திரும்பப் பெற வேண்டி வந்தது. சட்டப்படி அவை ஓராண்டுக்கு முன்பே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

உங்களுக்கு இதில் என்ன உரிமை? பதவி முடிந்து 5 ஆண்டு ஆனதும், அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெற வழி செய்யும் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் யார் வேண்டுமானாலும் எந்த நாட்டிலிருந்தும் மனுப் போடலாம். ஆனால் ஆறு வகை ஆவணங்களை 12 ஆண்டு வரை மூடி வைக்கச் சொல்லிவிட்டுப் போக அதிபருக்கு அதிகாரம் உண்டு. நாட்டுப் பாதுகாப்பு ரகசியம், பதவி நியமனங்கள், வேறு சட்டம் தடுப்பவை, வணிக ரகசியம், அதிபருக்கும் ஆலோசகர்களுக்கும் இடையிலான அந்தரங்க ஆலோசனை, தனி மனிதரின் மருத்துவம் போன்ற சொந்த விவரங்கள் ஆகியவை அந்த ஆறு. ஆய்வாளர்களை அதிகம் தவிக்க விடுவது ஐந்தாவது. முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பது அந்தத் தாள்களில்தானே இருக்கும்? 12 ஆண்டு ஆனதும் அந்தத் தடை விலகிவிடும். அப்புறம், வெளியிடுவதற்கு முன் முன்னாள் அதிபருக்கும் பதவியில் இருக்கும் அதிபருக்கும் 60 வேலை நாள் அவகாசத்தில் அறிவிப்பு போகும், அவர்கள் ஆட்சேபிக்கலாம். இதையெல்லாம் தாண்டி வரிசையும் நீளம். மனு போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அதனால் ‘ஈராக் பற்றிய எல்லாம்’ என்று கேட்காமல், இன்ன அலுவலர், இன்ன மாதம், இன்ன பொருள் என்று குறுக்கிக் கேளுங்கள்.

ஜான்சன் நூலகம் மாதிரி தானமாக வந்த இடங்களில் அதிபரின் காகிதங்களுக்கு இந்த மனு செல்லாது. அங்கே வேறு வழி. நேரில் போனால் முதலில் ஒரு ஆய்வாளர் அட்டை எழுதித் தருவார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். பெட்டியிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு கோப்புதான் எடுக்கலாம். கோப்பைத் திறந்ததும் முன்னால் ஒரு பட்டியல் தாள் இருக்கக்கூடும். அதைப் புரட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். எந்தெந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறார்கள், யார் யாருக்கு எழுதியது, என்ன தேதி, எத்தனை பக்கம் என்று அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு எழுத்து: ஏ என்றால் பாதுகாப்பு ரகசியம், பி என்றால் வேறு சட்டமோ எழுதிய துறையோ தடுத்தது, சி என்றால் தானப் பத்திர நிபந்தனை. ஏ போட்ட தாளைக் குறிப்பிட்டு, ரகசியத்தை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று அங்கேயே படிவம் கொடுக்கலாம். மறுத்தால் மேல்முறையீடும் உண்டு. என்ன மூடியிருக்கிறது என்பதை அவர்களே எழுதி வைத்திருப்பது சின்ன விஷயமில்லை.

போக முடியாதவர்கள் நூலகத்துக்கு மின்னஞ்சல் எழுதலாம். எந்தப் பெட்டியில் தேட வேண்டும் என்று ஆவணப் பணியாளர்கள் வழிகாட்டுவார்கள். படியெடுக்க மட்டும் கட்டணம். ஜான்சனின் தொலைபேசிப் பதிவுகளோ இணையத்திலேயே இலவசம். மொத்தம் சுமார் 643 மணி நேரம். தான் இறந்து 50 ஆண்டு திறக்கக்கூடாது என்பது அவர் விருப்பம். அவர் இறந்தது 1973-ல். நூலக இயக்குநர் ஹாரி மிடில்டன், ஜான்சன் மனைவியின் சம்மதத்தோடு 1990-களிலேயே திறக்கத் தொடங்கினார். நாடா கெட்டுப்போகும், விஷயம் தெரிந்தவர்கள் இறந்துபோவார்கள் என்ற கவலைதான் காரணம். அது நல்ல முடிவு.

இனி வாய்மொழி வரலாறு. இதற்கு 1978 சட்டம் பொருந்தாது, ஏனென்றால் இது ஆட்சி முடிந்தபின் எடுக்கும் பேட்டி. யாரும் பேசக் கடமைப்பட்டவர் இல்லை. முறை இதுதான்: பேட்டியைப் பதிவு செய்வார்கள், தட்டச்சு செய்வார்கள், பேசியவருக்கே அனுப்பித் திருத்தச் சொல்வார்கள், கடைசியில் அவர் ஒரு பத்திரத்தில் கையெழுத்திடுவார். எப்போது திறக்கலாம் என்பது அந்தப் பத்திரத்தில் இருக்கும். ஜாக்குலின் கென்னடி 1964-ல், கணவர் கொல்லப்பட்ட சில மாதங்களில், வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கரிடம் மணிக்கணக்கில் பேசினார். வெளியே வந்தது 2011-ல்.

எல்லா அதிபருக்கும் ஒரே நிறுவனம் இதைச் செய்வதில்லை. கென்னடி, ஜான்சன் பேட்டிகள் அவரவர் நூலகத்தில் உண்டு. கார்ட்டர் முதல் ஜூனியர் புஷ் வரை தேடுபவர்கள் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் மையத்துக்குப் போக வேண்டும். 1982-ல் கார்ட்டரையே அவர் ஊரான பிளெயின்ஸில் அறிஞர்கள் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். ஒபாமா ஆட்சிக்கான பேட்டிகளை எடுத்தது கொலம்பியா பல்கலைக்கழகம்.

பேட்டியை மட்டும் நம்பி எழுதிவிடாதீர்கள். மனித ஞாபகம் தேதியை மாற்றிப் போடும், தன்னை நல்லவிதமாகக் காட்டும். ஃப்ரீமனின் பேட்டியும், அப்போது டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த செஸ்டர் பௌல்ஸின் பேட்டியும் ஜான்சன் நூலகத்தில் இருக்கின்றன. இரண்டையும் படித்துவிட்டு அதிபரின் தினசரி நாட்குறிப்பைத் திறங்கள். அது ஜான்சன் எழுதியதல்ல, எந்த மணிக்கு யாரைப் பார்த்தார், யாரோடு தொலைபேசியில் பேசினார் என்று உதவியாளர்கள் குறித்து வைத்தது. சந்திப்பு நடந்ததா என்பதை அது சொல்லும், உள்ளே பேசியதை நீங்கள் குறிப்புகளில்தான் தேட வேண்டும்.

வாஷிங்டன் முதல் கூலிட்ஜ் வரை 23 அதிபர்களின் காகிதங்கள் நாடாளுமன்ற நூலகத்தில். ஒபாமா ஆவணங்களுக்கு 2022 ஜனவரி 20 முதலும், டிரம்பின் முதல் ஆட்சிக்கு 2026 ஜனவரி 20 முதலும் சட்டப்படி மனுப் போடலாம். பைடனுக்கு 2030 ஜனவரி 20.