வருடம் 1965, உலோகம் 1964

என் மேசை மேல் இரண்டு அமெரிக்கக் கால் டாலர் காசுகள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரு பக்கம் ஜார்ஜ் வாஷிங்டன், மறுபக்கம் கழுகு. ஒன்றில் 1964 என்றும் மற்றதில் 1965 என்றும் இருக்கிறது. பழைய கடைக்காரர்கள் செய்வதுபோல இரண்டையும் சுண்டிப் பார்த்தேன். 1964 கணீரென்று ஒலித்தது. 1965 ‘டக்’கென்று அடங்கிவிட்டது. விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் காரணம் தெரியும். முதல் காசின் விளிம்பு முழுக்க வெள்ளை. இரண்டாவதில் நடுவே சிவப்பாக ஒரு செம்புக் கோடு ஓடுகிறது. ஆனால் 1965 என்று பொறித்தும், பிழையாக வெள்ளியில் அடிக்கப்பட்ட காசுகளும் சில உண்டு. இது அந்தப் பிழையின் கதை.

முதல் காசில் 90 சதவீதம் வெள்ளி, 10 சதவீதம் செம்பு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சில்லறைத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது, வெள்ளி விலையும் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு டிராய் அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) வெள்ளி 1.38 டாலரைத் தாண்டினால், கால் டாலரைக் கடையில் கொடுப்பதைவிட உருக்கி விற்பதே லாபம். அதனால் 1965 ஜூலை 23 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் புதிய நாணயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 10 சென்ட், 25 சென்ட் காசுகளில் வெள்ளி அடியோடு போனது. அரை டாலரில் மட்டும் 40 சதவீதம் மிஞ்சியது.

வெள்ளிக்குப் பதில் எதை வைப்பது? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. அப்போது நாடெங்கும் காசு போட்டால் குளிர்பானம் தரும் மெஷின்கள் இருந்தன. அவை காசின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. உள்ளே உருளும் காசு ஒரு காந்தத்தைக் கடக்கும்போது காசுக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதன் வேகம் குறையும். எவ்வளவு குறையும் என்பது அந்த உலோகம் மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்பதைப் பொறுத்தது. வெள்ளியும் செம்பும் மிக நன்றாகக் கடத்தும். செம்போடு நிக்கல் சேர்ந்த கலவை வெள்ளைவெளேரென்று இருந்தாலும் மோசமாகத்தான் கடத்தும். அந்தக் கலவையிலேயே முழுக் காசையும் செய்தால் மெஷின் அதைத் துப்பிவிடும். அதனால் நடுவில் சுத்தமான செம்பு, மேலும் கீழும் செம்பு–நிக்கல் தகடு என்று மூன்று அடுக்காகச் செய்தார்கள். கண்ணுக்கு நிக்கல், மெஷினுக்குச் செம்பு. எனக்கு இது அந்தக் காலத்துப் பொறியியலின் மிக அழகான தீர்வுகளில் ஒன்றாகத் தோன்றுகிறது.

சரி, பிழைக்கு வருவோம். காசு அடிக்கும் முறை எளிது. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி, பெரிய தொட்டிகளில் நிரப்பி, அச்சு இயந்திரத்துக்குக் கொண்டு போவார்கள். மேலும் கீழும் இரண்டு அச்சுகள் ஓங்கி அழுத்த, வில்லை காசாகிவிடும். வருடம் அச்சில் இருக்கிறது. உலோகம் வில்லையில் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்வது அந்த ஒரு நொடியில்தான்.

இதில் இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. புது வருடக் காசுகளை மக்கள் பதுக்குகிறார்கள் என்று, 1964க்குப் பிறகும் 1964 என்றே அச்சடிக்க 1964 செப்டம்பரில் அனுமதி கொடுத்திருந்தார்கள். அதனால் வெள்ளிக் காசுகள் 1966 தொடக்கம் வரைகூட ‘1964’ என்ற வருடத்தோடு வந்தன. மூவடுக்குக் கால் டாலர்களோ 1965 ஆகஸ்டிலேயே ‘1965’ என்று அச்சாகத் தொடங்கிவிட்டன. அதாவது சில மாதங்களுக்கு இரண்டு வகை வில்லைகளும் இரண்டு வகை அச்சுகளும் ஒரே சமயத்தில் நாணயச்சாலைகளில் இருந்தன. தொட்டியின் மூலையிலோ கதவு இடுக்கிலோ ஒரு வெள்ளி வில்லை ஒட்டிக்கொண்டு நின்றால் போதும். அடுத்து அதில் மூவடுக்கு வில்லைகளைக் கொட்டும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். வழக்கமாக வில்லை மாறினால் அளவு காட்டிக்கொடுத்துவிடும். 10 சென்ட் வில்லையில் கால் டாலர் அச்சு விழுந்தால் படம் பாதிதான் தெரியும். இங்கே இரண்டுக்கும் ஒரே விட்டம். இயந்திரத்துக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது.

அப்படித்தான் வெள்ளியில் 1965 பிறந்தது. இன்று ஒன்று கிடைத்தால் ஆயிரக்கணக்கான டாலர் பெறும். அதனால் 1965 காசுக்கு வெள்ளி முலாம் பூசி விற்பவர்களும் உண்டு. விளிம்பில் செம்புக் கோடு இல்லை என்பதை மட்டும் நம்பி யாரும் பணம் கொடுக்கக் கூடாது. நகைக்கடைத் தராசில் வையுங்கள். வெள்ளிக் கால் டாலர் 6.25 கிராம், மூவடுக்குக் காசு 5.67 கிராம். அனுமதித்த ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தாலும், மூவடுக்குக் காசு 5.9 கிராமைத் தொடாது, வெள்ளிக் காசு 6.05க்குக் கீழே இறங்காது. மெல்லிய முலாம் இந்த இடைவெளியைத் தாண்ட முடியாது.

மூவடுக்கு முறைக்கே உரிய பிழையும் ஒன்று உண்டு. தகடுகளுக்கு நடுவே அழுக்கோ வாயுவோ சிக்கிக்கொண்டால் பிடிப்பு சரியாக இருக்காது, ஒரு பக்கத் தகடு கழன்றுவிடும். அப்போது காசின் ஒரு முகம் வெள்ளை, மறுமுகம் செம்பு. எடை கிட்டத்தட்ட ஒரு கிராம் குறையும். செம்பு முகத்தில் படம் தெளிவாக இருந்தால், தகடு அச்சுக்கு முன்பே போய்விட்டது. மங்கலாகவும் கீறலாகவும் இருந்தால் அச்சடித்த பிறகு கழன்றது.

அப்புறம், எதிர்த்திசையிலும் பிழை நடந்திருக்கிறது: மூவடுக்கு வில்லையில் 1964. வருடத்தை மட்டும் பார்த்து வெள்ளியென்று பெட்டியில் போட்டு வைத்தவர்கள் விளிம்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் காசின் பின்பக்கம், கழுகுக்குக் கீழே சின்னதாக ‘டி’ இருந்தால் டென்வர் நகர நாணயச்சாலையில் அடித்தது என்று சொல்லிவிடலாம். வெள்ளி 1965இல் அந்த வசதி இல்லை. காசு சேகரிப்பவர்கள் பதுக்காமல் இருக்க 1965 முதல் 1967 வரை நாணயச்சாலையின் எழுத்தையே எடுத்துவிட்டார்கள். அந்த வெள்ளி வில்லை எந்த ஊர்த் தொட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதை அந்தக் காசிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது.