சிம்ம சொப்பனம்: யாருடைய கனவு அது?

எட்டாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள், செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை நீட்டிக் கேட்டாள்: "சித்தப்பா, சிம்ம சொப்பனம்னா சிங்கம் மாதிரி கம்பீரமா உட்கார்ந்திருக்கிறதா?" சிம்மாசனத்தோடு குழப்பிக்கொண்டிருக்கிறாள். "இல்லம்மா, சொப்பனம்னா கனவு. சிங்கம் வர்ற கனவு" என்றேன். உடனே அடுத்த கேள்வி: "யாரோட கனவுல?"

இந்தச் சொல்லின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கனவு காண்பது யானை. யானையின் கனவில் சிங்கம் வந்தால், அந்த அதிர்ச்சியிலேயே யானை செத்துப்போகும் என்பது பழைய நம்பிக்கை. நேரில் வரவேண்டியதுகூட இல்லை, கனவில் வந்தாலே போதும் என்று நடுங்கவைக்கும் எதிராளியைத்தான் சிம்ம சொப்பனம் என்கிறோம். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல், இதே பொருளில் வழங்குகிறது.

இரண்டு பாதியும் வடமொழியிலிருந்து வந்தவை. 'ஸ்வர்க்கம்' சொர்க்கம் ஆனது, 'ஸ்வர்ணம்' சொர்ணம் ஆனது. அதே வழியில் 'ஸ்வப்னம்' நம் வாயில் சொப்பனம் ஆகிவிட்டது. இந்த ஸ்வப்னத்துக்குத் தொலைதூரத்தில் ஒரு உறவும் உண்டு. உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'ஹிப்னோஸ்' இதே வேரில் கிளைத்தது. ஹிப்னாடிசம் என்று நாம் சொல்லும்போது, சொப்பனத்தின் ஒன்றுவிட்ட தம்பியைத்தான் கூப்பிடுகிறோம்.

சிங்கத்துக்கும் யானைக்கும் உள்ள பகை இந்தியக் கவிதையில் மிகப் பழையது. காளிதாசனின் குமாரசம்பவத்தில் இமயமலை வேடர்கள் சிங்கம் போன தடத்தைத் தேடுகிறார்கள். இரத்தக்கறையைப் பனிநீர் கழுவிவிட்டது. ஆனால் யானையின் மத்தகத்துக்குள் முத்து இருக்கும் என்பது கவிமரபு; அதைப் பிளந்த சிங்கத்தின் நகங்களிலிருந்து உதிர்ந்த முத்துகள் வழிகாட்டுகின்றன. சங்கப் பாடல்களில் வரும் 'ஆளி' என்ற சிங்கம் போன்ற விலங்கு யானையைத் தாக்கி அதன் தந்தத்தைப் பறிக்கிறது. பின்னாளில் நம் கோயில் மண்டபத் தூண்களில் யாளி எழுந்து நிற்க, அதன் காலடியில் யானை சிறுத்துக் கிடக்கிறது. இத்தனை நூற்றாண்டு கற்பனைக்குப் பிறகு, இன்றைய இந்தியாவில் சிங்கம் காட்டில் வாழ்வது குஜராத்தின் கிர் காட்டிலும் அதைச் சுற்றிய சௌராஷ்டிரப் பகுதியிலும் மட்டும்தான். அங்கே காட்டு யானை கிடையாது.

நம் காட்டு யானைக்கு உண்மையான எதிரி புலி. தென்னிந்தியாவில் இரவில் வயலுக்குள் நுழையும் யானைகளிடம் விவேக் துப்பில், ரிச்சர்ட் காஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2013இல் வெளியிட்டார்கள். யானை குறுக்கே வந்ததும் ஒலிபெருக்கி தானாக உறுமும். சிறுத்தையின் உறுமலுக்கு யானைகள் பிளிறின, சத்தம் போட்டன, அதன் பிறகே விலகின. புலியின் உறுமலுக்கோ ஒரு சத்தமும் இல்லை. இருந்த இடம் தெரியாமல் நழுவிவிட்டன. சிறுத்தையால் யானைக் குட்டிக்குப் பெரிய ஆபத்தில்லை. புலி குட்டியைத் தூக்கிவிடும். அந்தக் கணக்கு யானைக்குத் தெரிகிறது. எனக்கு இதில் அதிகம் உறைப்பது அந்த மௌனம்தான். பிளிறல் மிரட்டல், மெய்யான பயத்துக்குக் குரல் இருப்பதில்லை.

ஆப்பிரிக்காவில் சிங்கமும் யானையும் ஒரே காட்டில் வாழ்கின்றன. கென்யாவின் அம்போசெலியில் கேரன் மெக்கோம்ப் குழுவினர் சிங்கக் கர்ஜனைகளை யானைக் கூட்டங்களுக்குப் போட்டுக் காட்டி, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆண் சிங்கத்தின் குரலுக்கும் பெண் சிங்கத்தின் குரலுக்கும் உள்ள வேறுபாட்டை நன்றாகப் பிடித்தவை, அறுபது வயதைத் தாண்டிய கிழத் தலைவிகள் நடத்திய கூட்டங்கள். ஆண் சிங்கம்தான் அதிக ஆபத்து. அந்தப் பயம் வயதோடு கூர்மையாகிற அறிவு.

சரி, யானை கனவு காணுமா? அதன் கனவுக்குள் எட்டிப்பார்க்க வழியில்லை. ஆனால் மனிதர்களுக்குத் தெளிவான கனவுகள் பெரும்பாலும் வருகிற ஒரு உறக்கநிலை உண்டு. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும். கை கால் தசைகள் முற்றிலும் தளர்ந்துவிடும். கனவில் ஓடும்போது நாம் நிஜமாகவே எழுந்து ஓடாமல் இருப்பது அந்தத் தளர்ச்சியால்தான். யானை நின்றபடியே தூங்கும். ஆனால் தசை தளரும் இந்த உறக்கத்தை நின்றுகொண்டு தூங்க முடியாது, அத்தனை டன் எடையும் சரிந்துவிடும். கனவு வேண்டுமென்றால் யானை படுத்தாக வேண்டும்.

போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவில் இரண்டு தலைவி யானைகளின் துதிக்கைத் தோலுக்கு அடியில் சிறிய அசைவுமானியைப் பொருத்தி, பால் மேங்கர் குழுவினர் 35 நாள் பதிவு செய்தார்கள். 2017இல் வெளியான முடிவு: நாளுக்குச் சராசரியாக இரண்டே மணி நேரத் தூக்கம். அதிலும் படுத்துத் தூங்கியது மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறைதான்.

ஆக, சிங்கம் வரவேண்டிய அந்தக் கனவுக்கு யானை ஒதுக்குகிற நேரமே மிகக் குறைவு. திருவண்ணாமலை ரமணர் இதே உவமையை வேறு பக்கம் திருப்பினார். கனவில் சிங்கத்தைக் கண்ட யானை சாவதில்லை, விழித்துக்கொள்கிறது. குருவும் அப்படித்தான் என்றார். கனவுச் சிங்கம் பொய், விழிப்பு மெய்.

இந்தச் சொல்லை இன்று கண்டபடி வீசுகிறோம். குடிமைப் பொருள் கடத்துகிற சில்லறைத் திருடனுக்குக்கூட அதிகாரி 'சிம்ம சொப்பனம்' ஆகிவிடுகிறார். எனக்கு அது பொருந்தாததாகவே படுகிறது. எலிக்குச் சிங்கம் கனவில் வராது, பூனைதான் வரும். பயப்படுகிறவனும் பெரியவனாக, யானையாக இருந்தால்தான் சொல் நிற்கும். 1998 மார்ச்சில் சேப்பாக்கம் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் சச்சினை 4 ரன்னில் வெளியேற்றினார் ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்ன். இரண்டாவது இன்னிங்ஸில் சச்சின் ஆட்டமிழக்காமல் 155. வார்னைச் சமாளிக்கவே அவர் முன்னாள் லெக் ஸ்பின்னர் சிவராமகிருஷ்ணனை, டெஸ்டுக்கு முன்பே வலைப்பயிற்சியில் லெக் ஸ்டம்புக்கு வெளியே கரடான இடத்தில் பந்து போடச் சொல்லிப் பழகியிருந்தார். சச்சின் இறங்கிவந்து தன் தலைக்கு மேல் அடிப்பது போல் கெட்ட கனவு வரும் என்று வார்ன் அந்த ஆண்டு சொன்னார். டெஸ்டில் 708 விக்கெட் எடுத்து முடித்தவர் அவர். நம் சொல்லை அறியாமலே அதன் அசல் பொருளைத் தொட்டுவிட்டார்.

அண்ணன் மகளுக்கு நான் கடைசியாகச் சொன்னது சோபே யானைகளின் கதையை. சில இரவுகளில் அவை தூங்கவே இல்லை. அதிகபட்சம் 46 மணி நேரம் விழித்திருந்தன. அப்படிப்பட்ட பொழுதில் பத்து மணி நேரத்தில் சுமார் 30 கிலோமீட்டர் நடந்திருக்கின்றன. சிங்கம், வேட்டைக்காரர்கள், மதம் பிடித்த ஆண் யானை, இவற்றில் ஏதோ ஒன்று விரட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

"அப்போ சிங்கம் வந்தா கனவே வராதா?" என்றாள்.

வராது. நடந்துகொண்டே இருக்கும். விட்ட தூக்கத்தை மறுநாள் சேர்த்துத் தூங்கவும் இல்லை அந்த இரண்டு யானைகளும்.