மாத்திரை அன்னைக்கே வேலை செய்யுது, மனசுக்கு மட்டும் ஏன் லேட்டு?

கோத்தகிரில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அம்மாவுக்கு டிப்ரஷன்னு ராத்திரில போட அமிட்ரிப்டிலின் குடுத்தாங்க, ஒரு வாரம் தாண்டிருச்சு, வாய் வறண்டதுதான் மிச்சம், நிறுத்திடவா அண்ணா?"

நீங்களா நிறுத்தாதீங்கம்மா.

இது மூணு வளையம் ஒட்டின மூலக்கூறு, ட்ரைசைக்ளிக் குடும்பம். அந்தக் குடும்பத்துல மூத்தது இமிப்ரமின்னு ஒரு மாத்திரை. சுவிட்சர்லாந்துல ரோலண்ட் குன் அப்படின்னு ஒரு டாக்டர் அத ஸ்கிசோஃப்ரினியாவுக்கு, அதாவது மனச்சிதைவு நோய்க்குக் குடுத்துப் பார்த்தார், எடுபடல, டிப்ரஷன்காரங்களுக்குக் குடுத்தா தேறுறாங்க! 1957ல எழுதினார். எப்படின்னு அப்ப யாருக்கும் தெரியாது. நோயாளி பக்கத்துல உக்காந்து கவனிச்சே கண்டுபிடிச்ச விஷயம், இன்னைக்கு இப்படி ஒரு ஆராய்ச்சிக்கு யார் காசு குடுப்பாங்க சொல்லுங்க.

நரம்பு செல், பக்கத்து செல்லுக்கு சேதி சொல்ல, நடுவுல இருக்குற இடைவெளில செரோடோனின், நார்அட்ரினலின்னு கெமிக்கல் எல்லாம் விடும், அப்புறம் தானே பம்ப் வச்சு திரும்ப உறிஞ்சிக்கும். மாத்திரை அந்த பம்ப்ப அடைக்குது. இது சில மணி நேரத்துலயே நடந்துடும். அப்புறம் எதுக்கு வாரக்கணக்கு?

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கெமிக்கல விடுற செல்லு மேலயே அத மோப்பம் பிடிக்கிற ரிசப்டர் இருக்கு, வாட்டர் டேங்க்ல ஃப்ளோட் வால்வு மாதிரி. இடைவெளில கெமிக்கல் ஏறுச்சோ இல்லையோ, போதும்னு சொல்லி செல்லு சுரக்குறத கொறச்சிடும், அதாவது மாத்திரை ஏத்துறத நம்ம உடம்பே இறக்கிவிடுது. நாள் போகப் போக அந்த ரிசப்டருக்கு உணர்ச்சி மழுங்கும், செல்லு பழையபடி சுரக்க ஆரம்பிக்கும், பம்ப் இன்னும் அடைச்சுத்தான் இருக்கு, இப்பதான் அளவு நெஜமா ஏறும். இது மட்டுமே முழுக்கதை இல்ல, கெமிக்கல வாங்கிக்கிற செல்லும் மெல்ல மாறணும்.

வாய் வறட்சி வேற கணக்கு. எச்சில் சுரக்கச் சொல்ற அசிடைல்கோலின்னு இன்னொரு கெமிக்கலோட ரிசப்டரையும் இந்த மாத்திரை மறிக்குது, அதுக்குக் காத்திருப்பே கிடையாது. அதனால தொல்லை முதல்ல, பலன் பின்னால. நம்ம மலைல ஜூன் பனிமூட்டத்துல மாத்திரை போட்டுக்கிட்டே கம்பளிக்குள்ள சுருண்டு கெடக்குற பொம்பளைக்கு காத்து கருப்புன்னு ரெண்டாவது வாரம் கயிறு மந்திரிச்சுக் கட்டுவாங்க, நாலாவது வாரம் அவங்க எழுந்து அடுப்பு பத்த வச்சா பேரு கயிறுக்கு!

அம்மாவுக்கு கண் பிரஷரோ ஹார்ட் பிரச்சனையோ இருந்தா டாக்டர்கிட்ட இப்பவே சொல்லுங்க. மூத்திரம் அடைச்சாலோ நெஞ்சு படபடத்தாலோ, உயிர வெறுத்துப் பேசினாலோ உடனே கூட்டிட்டுப் போங்க. அளவு மீறினா இதயத்தத் தாக்குற மருந்து, மாத்திரை அட்டை உங்க கைல இருக்கட்டும்.