அட்டவணை ஏன் மூன்றாம் நாளே தோற்கிறது?

கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசனை வழங்கும் பணியில் நான் அடிக்கடி கேட்பது, "படிப்புக்கு அட்டவணை போட்டேன், மூன்று நாள்கூடத் தாங்கவில்லை" என்பதுதான். தம்மிடம் மன உறுதி இல்லை என்ற முடிவுக்கு அவர்கள் முன்பே வந்திருப்பார்கள். அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாலோ, காலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணி வரை ஒரு கட்டமும் காலியாக இல்லாமல், பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் களைப்புக்கும் இடமே விடாமல் எழுதப்பட்டிருக்கும். அப்படியோர் அட்டவணையை யாராலும் கடைப்பிடிக்க இயலாது.

ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது மனித மனத்தின் இயல்பு. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இதைத் திட்டமிடல் பிழை என்று விளக்கினர். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆயிற்று. ஆகவே என்னிடம் வருவோரை முதல் வாரம் அட்டவணை எழுத நான் விடுவதில்லை. ஒவ்வோர் அரை மணி நேரமும் எதில் கழிந்தது என்று குறித்து வரச் சொல்கிறேன். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு மணி நேரம் என்று நினைத்திருந்தவர், அது இரண்டரை மணி நேரம் கேட்கிறது என்பதைத் தம் கையெழுத்திலேயே காணும்போது திட்டம் தானாகவே மாறுகிறது.

அதன்பின் எழுதும் அட்டவணையில் முதலில் இடம்பெற வேண்டியது உறக்கம். இளம் வயதினருக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 மணி நேரம் தேவை. படித்தது நினைவில் நிலைபெறுவதும் உறக்கத்தின்போதுதான் என்பதால், இரவெல்லாம் விழித்துப் படிப்பவர் படிப்பின் பயனையே இழக்கிறார். வகுப்பு, பயணம், பகுதிநேர வேலை ஆகியவற்றைக் கழித்து எஞ்சும் நேரத்திலும் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நிரப்புங்கள். மீதி, தள்ளிப்போனவற்றுக்கு. கட்டத்தில் "கணிதம்" என்று எழுதினால் உட்கார்ந்த பிறகுதான் எதைத் தொடங்குவது என்ற குழப்பம் வரும். "மூன்றாம் அலகு, ஐந்து கணக்குகள்" என்று எழுதினால் அது வராது.

பலர் கவனிக்கத் தவறுவது, அந்த நேரத்துக்குள் எப்படிப் படிக்கிறோம் என்பதை. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, நூலை மூடிவிட்டு நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே தெளிவாக முன்னிலையில் இருந்தனர். மீண்டும் வாசிப்பது எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தருவதால்தான் மாணவர்கள் அதையே நாடுகிறார்கள். எனவே இன்று படித்த பாடத்துக்கு நாளை மறுநாள் இருபது நிமிடமும், அடுத்த வாரம் பத்து நிமிடமும், பார்க்காமல் எழுதிப் பார்ப்பதற்கென்று இப்போதே ஒதுக்கிவிடுங்கள். கவனம் சிதறாமல் இருக்க, கைப்பேசியை அந்நேரம் வேறு அறையில் வையுங்கள்.

இத்தனையும் செய்தும் இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கம் கெட்டு, பிடித்தமானவற்றிலும் நாட்டம் இல்லாமல், பாடநூலைத் திறக்கவே அச்சமாக இருந்தால், அட்டவணையைத் திருத்திக்கொண்டு காலம் கடத்தாதீர்கள். உங்கள் கல்லூரியின் ஆலோசகரையோ மருத்துவரையோ அந்த வாரமே சென்று பாருங்கள்.