ஒரு மைக், நான்கு தடங்கள்: மெக்கார்ட்னியின் முதல் தனி ஆல்பம் பதிவான விதம்

1970 ஏப்ரல் 17 அன்று வெளிவந்த ‘மெக்கார்ட்னி’ ஆல்பத்தில் கிட்டார், பேஸ், டிரம்ஸ், பியானோ என்று எதைக் கேட்டாலும் வாசித்தவர் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிதான். மனைவி லிண்டா துணைக்குரல் கொடுத்தார். லண்டனில் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் உள்ள மெக்கார்ட்னி வீட்டுக்கு நான்கு தட ஸ்டூடர் டேப் இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது. கூடவே வரவேண்டிய மிக்ஸர், அதாவது பல ஒலிகளின் அளவைச் சரிசெய்து கலக்கும் கருவி, வரவில்லை. ஒலியின் அளவைக் காட்டும் முள் மீட்டரும் வரவில்லை. கையிலிருந்த ஒற்றை மைக்கை இயந்திரத்தின் பின்புறத்திலேயே செருகி வேலையைத் தொடங்கினார்.

ஒரே ஆள் நான்கு பேராக வாசிப்பது எப்படி? நாடாவின் அகலத்தை நான்கு கோடுகளாகப் பிரித்தால் ஒவ்வொரு கோடும் ஒரு தடம். முதல் தடத்தில் கிட்டாரைப் பதிந்து, நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி, ஹெட்போனில் அதைக் கேட்டபடி இரண்டாம் தடத்தில் அடுத்த வாத்தியத்தைப் பதியவேண்டும். சொல்ல எளிது. ஆனால் நாடா முதலில் ஒலியைப் பதியும் ரெக்கார்டு ஹெட்டையும் அதன்பின் பதிந்ததை ஒலிக்கவைக்கும் பிளே ஹெட்டையும் கடக்கிறது. நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடுகிறது, இரண்டு ஹெட்டுக்கும் இடையே 4 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிளே ஹெட்டிலிருந்து வரும் பழைய கிட்டாரைக் கேட்டு வாசித்தால், புதிய வாத்தியம் நாடாவில் ஏறக்குறைய 0.1 நொடி பின்தங்கிப் பதியும். தாளத்தில் அது பெரிய பிசகு.

இதற்குத் தீர்வு 1950களில் ஆம்பெக்ஸ் நிறுவனத்திடமிருந்து வந்தது. கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1957இல் அவர்களிடமிருந்து எட்டுத் தட இயந்திரமே வாங்கினார். வழி இதுதான்: பழைய தடத்தைக் கேட்கவும் ரெக்கார்டு ஹெட்டையே பயன்படுத்துவது. எல்லாத் தடங்களின் ரெக்கார்டு ஹெட்டும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதால் கேட்பதும் பதிவதும் நாடாவின் ஒரே இடத்தில் நடக்கும், தாமதம் இல்லை. ஆனால் ரெக்கார்டு ஹெட்டின் காந்த இடைவெளி அகலமானது. கூர்மையான உயர் ஒலிகளை அதனால் சரியாக வாசிக்க முடியாது. அதனால் ஹெட்போனில் பழைய தடம் மந்தமாகக் கேட்கும். அதை நம்பி ‘கிட்டார் மங்கிவிட்டது’ என்று மீண்டும் பதிந்தால் வேலை வீண். கடைசியில் பிளே ஹெட்டில் ஓட்டும்போது கிட்டார் தெளிவாகவே இருக்கும்.

இயந்திரத்தைச் சோதிக்க மெக்கார்ட்னி பதிந்த முதல் பாட்டு ‘தி லவ்லி லிண்டா’. ஒன்றாம் தடத்தில் குரலும் கிட்டாரும், இரண்டில் இன்னொரு கிட்டார், பிறகு புத்தகத்தின்மேல் கையால் தட்டிய ஓசை, கடைசியாக பேஸ். நான்கும் நிரம்பிவிட்டது. முக்கால் நிமிடம்கூட ஓடாத அந்தப் பாட்டைவிட நான்கு தடப் பதிவுக்கு நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

மிக்ஸர் இல்லாத வீட்டில் மைக் இருக்கும் இடமே மிக்ஸர். தூரத்தை இரட்டிப்பாக்கினால் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலி அவ்வளவாகக் குறையாது. டிரம்ஸில் ஹை-ஹாட் எனும் ஜோடித் தட்டுகளின் ஓசை மிஞ்சினால் மைக்கை ஸ்நேர் எனும் சிறு முரசின் பக்கம் ஒரு சாண் நகர்த்தவேண்டும், பிறகு சில நொடி பதிந்து கேட்கவேண்டும், மறுபடி நகர்த்தவேண்டும். மீட்டர் இல்லாததால் அளவையும் இப்படித்தான் பார்க்கவேண்டும். குறைவாகப் பதிந்தால் நாடாவின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் மேலே தெரியும். அதிகமாகப் பதிந்தால், காந்தத் துகள்கள் ஏற்கெனவே எல்லாம் ஒரு பக்கம் திரும்பிவிட்டதால் அதற்குமேல் ஏற இடமிருக்காது. ஒலியலையின் உச்சிகள் மழுங்கும். நல்லவேளையாக டேப் சிறிது சிறிதாகவே மழுங்குகிறது. டிரம்ஸின் அடி கொஞ்சம் மிஞ்சினால் தடித்துக் கேட்குமே தவிர உடைந்துவிடாது.

தடம் போதவில்லையென்றால் நிரம்பியவற்றைக் கலந்து வேறு நாடாவுக்கு மாற்றவேண்டும். ஆனால் ஒவ்வொரு நகலிலும் புது நாடாவின் இரைச்சலும் சேரும். சம அளவில் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். கலந்ததைப் பிறகு பிரிக்கவும் முடியாது. வில்ஸ்டனில் இருந்த மார்கன் ஸ்டூடியோவில் மெக்கார்ட்னி தேர்ந்தெடுத்த வழி இதைவிட நல்லது: வீட்டு நாடாவைத் தடத்துக்குத் தடம் எட்டுத் தட நாடாவில் படியெடுத்து, மிச்சம் நான்கில் மேற்கொண்டு வாசித்தார்.

இந்த ஆல்பம் இத்தனை விதமாக ஒலிப்பதற்கு இந்தப் பதிவு முறையே பெரிய காரணம் என்பேன். ‘கிளாஸஸ்’ பகுதியில் ஒயின் கிண்ணங்களின் ஒலியைத் தோன்றியபடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். தாளமே இல்லாததால் அங்கே பிசகவும் எதுவுமில்லை. ‘கிரீன்-அக்ரோர்’ என்ற டிரம்ஸ் பகுதியில் மிருகக் குரல்கள் வேகமாக்கப்பட்ட டேப்பில் வருகின்றன: நாடா இரு மடங்கு வேகத்தில் ஓடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும், குரலின் இயல்பான சாயலும் கூடவே மாறி சின்ன உயிரினத்தின் கத்தலாகிவிடும். அம்பு பறக்கும் ஓசைக்கு நிஜ வில்லையே வளைத்தார்கள், வில் உடைந்துபோனது. ‘மேபி ஐம் அமேஸ்டு’ பாட்டோ 1970 பிப்ரவரியில் இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் பதிவானது, அதன் விரிந்த பியானோ ஒலியைக் கேட்டால் அறை மாறியது தெரியும்.

‘தி லவ்லி லிண்டா’வின் கடைசியில் ஒரு கதவு கிறீச்சிடுவது கேட்கும். லிண்டா கதவைக் கடந்து சென்ற கணம் அது.