மேல் மூலையில இருக்கிற அந்த '1இ6'-ஐ வெட்டாதீங்கப்பா

இந்த மாசமும் தப்பான கிராஃப் ஒண்ணு வந்தாச்சு. இங்க மொரீஷியஸ்ல, எபேன்ல ஒரு ஆபீஸ், பேரு வேணாம். மொரீஷியஸுக்கு வர்ற டூரிஸ்ட் எண்ணிக்கையை மேட்பிளாட்லிப்ல (பைத்தான்ல கிராஃப் வரையிற லைப்ரரி) வரைஞ்சு மேனேஜ்மென்ட் ஸ்லைடுல ஒட்டியிருக்காங்க, ஒய் அச்சுல 0.2, 0.4னு ஆரம்பிச்சு 1.4ல முடியுது. 1.4ன்னா என்ன, ஆளா, ஆயிரமா, சதவீதமா? 2019ல வந்தவங்க 13 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல, 2021ல கோவிட் புண்ணியத்துல 1 லட்சத்து 80 ஆயிரம் கிட்ட. லைப்ரரி மேல தப்பு இல்ல, அது இடது மேல் மூலையில சின்னதா '1இ6'னு (ஸ்கிரீன்ல 1e6) எழுதித்தான் குடுத்துச்சு, அதாவது எல்லாத்தையும் பத்து லட்சத்தால பெருக்கிக்கோன்னு. ஸ்லைடுல தலைப்புக்கு இடம் பத்தலன்னு யாரோ படத்தோட தலையை கிராப் பண்ணிட்டாங்க, அவ்ளோதான்.

சரி, திருத்திக் குடுங்கன்னு சொன்னேன். திருத்தி வந்தது அதைவிடக் கொடுமை. அச்சுக் கோட்டுக்குப் பக்கத்துல வர்ற எழுத்தை மாத்துற 'செட் ஒய் டிக் லேபிள்ஸ்'ங்கிற ஃபங்ஷன்ல "2 லட்சம்", "4 லட்சம்"னு கையால டைப் பண்ணி லிஸ்ட்டா குடுத்திருக்காங்க.

இதைப் பத்தி எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏற மாட்டேங்குது, அதனால பொறுமையா சொல்றேன். அச்சுல எந்த எந்த இடத்துல கோடு விழணும்னு முடிவு பண்றது லொக்கேட்டர். அந்த இடத்துல என்ன எழுதணும்னு முடிவு பண்றது ஃபார்மேட்டர். ரெண்டும் வேற வேற ஆளு. நீங்க கையால லிஸ்ட் குடுத்தா ரெண்டாவது ஆளை வேலையை விட்டுத் தூக்கிட்டு அவன் சீட்டுல ஒரு பழைய பேப்பரை வெக்கிறீங்க, முதல் ஆளு மட்டும் தன் வேலையைப் பார்த்துட்டே இருக்கான். அடுத்த மாசம் புது டேட்டா வருது, ரேஞ்ச் மாறுது, லொக்கேட்டர் கோட்டை நகர்த்திடுது, உங்க "4 லட்சம்" மட்டும் லிஸ்ட்டுல ரெண்டாவதா இருக்கிறதால ரெண்டாவது கோட்டுலயே உக்காந்திருக்கும், அந்தக் கோடு இப்போ 5 லட்சத்துல இருந்தாலும் சரி 10 லட்சத்துல இருந்தாலும் சரி. எர்ரர் வராது. படம் அழகா இருக்கும். நம்பர் பொய்யா இருக்கும்.

"டேட்டா சரியாத்தானே இருக்கு, லேபிள் வெறும் எழுத்துதானே"ன்னு கேக்குறாங்க. ஐயா, பாக்குறவரு டேட்டாவைப் பாக்கல, எழுத்தைத்தான் பாக்குறாரு. லைப்ரரியும் சும்மா இல்ல, கோடு எங்கன்னு முதல்ல உறுதி பண்ணாம லேபிள் மட்டும் குடுத்தா வார்னிங் குடுக்குது. அதையும் ஃபில்டர் போட்டு வாயை மூடி வெச்சிருக்காங்க! கையாலதான் எழுதணும்னா கோடு விழுற இடத்தை வெக்கிற செட் ஒய் டிக்ஸ்லயே இடத்தையும் லேபிளையும் சேர்த்துக் குடுங்க, 3.5 வெர்ஷன்ல இருந்து அதுக்கு வசதி இருக்கு.

மத்தபடி ஃபார்மேட்டர் போதும். 3.3ல இருந்து ஒரு சாதாரண ஃபங்ஷனையோ ஃபார்மேட் ஸ்ட்ரிங்கையோ நேரா செட் மேஜர் ஃபார்மேட்டர்கிட்ட குடுத்தா வாங்கிக்குது. அந்த '1இ6' மட்டும் வேணாம்னா டிக் லேபிள் ஃபார்மேட்ல ஸ்டைலை 'பிளெயின்'னு மாத்துங்க, ஒரே வரி.

'1இ6'க்கு ஒரு தம்பி இருக்கான், அவன் இன்னும் டேஞ்சர். மீட்டர் ரீடிங் 456010ல இருந்து 456030 வரைக்கும் போகுதுன்னு வைங்க. அச்சுல 10, 15, 20, 25, 30 மாதிரி வரும், மூலையில '+4.56இ5'னு இருக்கும். இங்க அது பெருக்கல் இல்ல, கூட்டல், அதாவது ஒவ்வொரு நம்பரோடயும் 456000ஐக் கூட்டிக்கோன்னு. அந்தக் கூட்டல் குறியை யாருமே பாக்குறதில்ல. யூஸ் ஆஃப்செட்டை ஃபால்ஸ்னு வெச்சிடுங்க.

அடுத்தது கமா. நம்ம ஊர்ல இது தனி தலைவலி. இங்கிலீஷ்ல எழுதுறவங்களுக்கு 1,500ன்னா ஆயிரத்தி ஐநூறு, பிரெஞ்சு பேப்பர் படிச்சு வளர்ந்தவங்களுக்கு கமாங்கிறது தசமப் புள்ளி, அதனால அதே 1,500 அவங்க கண்ணுக்கு ஒண்ணரை. ஒரே மீட்டிங்ல ரெண்டு பேரும் உக்காந்திருப்பாங்க. சென்னையில இருந்து வந்த நம்ம பசங்க இதுக்கு மேல 12,34,567னு கமா போட்டுக் குடுக்குறாங்க, நமக்குள்ள லட்சம் கோடின்னு பேசிக்கலாம், அச்சுல போடாதீங்க ப்ளீஸ். ஆயிரத்தைப் பிரிக்க ஸ்பேஸ் விடுங்க. கமாவும் வேணாம் புள்ளியும் வேணாம், மூணு மூணு இலக்கமா இடைவெளி விட்டுப் பிரிக்கலாம்னு எடை அளவைகளுக்கான பொது மாநாடே 2003ல மறுபடி சொல்லிடுச்சு. ஃபங்ஷன்ல கமா வெச்சு ஃபார்மேட் பண்ணிட்டு அதை பிரியாத ஸ்பேஸா (நம்பர் ரெண்டு வரியா உடையாம பாத்துக்கிற ஸ்பேஸ்) ரிப்ளேஸ் பண்ணா முடிஞ்சது.

பில்லியனும் அப்படித்தான். பிரெஞ்சுல பில்லியன்னா லட்சம் கோடி, நூறு கோடிக்கு அவங்க சொல்றது மில்லியார். கிலோ, மெகா, கிகான்னு சுருக்கி எழுதுற எஞ்சினியரிங் ஃபார்மேட்டரைப் போட்டாலோ நூறு கோடி ரூபாய்க்கு 'ஜி'ன்னு வரும், கிகா ரூபாய்! அச்சுத் தலைப்புலயே "ரூபாய், மில்லியனில்"னு எழுதிட்டு ஃபங்ஷனுக்குள்ள வகுத்துக்குங்க. டேட்டாவை வகுக்காதீங்க, அப்புறம் யாரு வகுத்தது யாரு வகுக்கலன்னு சண்டை வரும். ரூபாய் நோட்டுல தமிழ் எத்தனாவது வரியில வரணும்னு 1998ல போராடி நோட்டையே திரும்ப வாங்க வெச்ச ஊரு இது, அச்சுல வர்ற நம்பருக்கு அதுல பாதி அக்கறை காட்டலாம்.

சின்னச் சின்ன விஷயம்: ஆயிரம் பிரிக்கிற ஃபார்மேட்டை எக்ஸ் அச்சுக்கும் சேர்த்துப் போட்டு வருஷத்தை '2,019' ஆக்காதீங்க. பெர்சென்ட் ஃபார்மேட்டர் 100ஐத்தான் முழுசுன்னு நினைக்கும், உங்க டேட்டா 0.45 மாதிரி இருந்தா எது முழுசுன்னு சொல்ற எக்ஸ் மேக்ஸை 1னு குடுங்க, இல்லேன்னா அரை பர்சென்ட்கூட வராதுன்னு ரிப்போர்ட் போகும்.

அனுப்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு டெஸ்ட். டேட்டாவை பத்தால பெருக்கி மறுபடி ஓட்டுங்க. லேபிளும் பத்து மடங்கு ஆகுதான்னு பாருங்க, ஆகலேன்னா எவனோ கையால எழுதியிருக்கான், அந்த ஃபைலை எனக்கு அனுப்பாம முதல்ல அவன்கிட்ட அனுப்புங்க.