நாற்றம் எங்கே போனது?

ஹனோய்க்குச் சுற்றுலா போய்வந்த வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். பழைய நகரத்துச் சந்து ஒன்றில், குட்டை பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பூன் டவ் மம் தோம் சாப்பிட்டிருக்கிறார். மூங்கில் தட்டில் இலை விரித்து, வில்லைகளாக வெட்டிய அரிசிச் சேவை, அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த டோஃபு, ஒரு கைப்பிடி பச்சிலை. பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் ஊதாவும் சாம்பலும் கலந்த நிறத்தில் இறால் விழுது.

"கிண்ணம் வந்ததும் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. கடைக்கார அம்மா கோலிக்குண்டு அளவில் ஒரு பச்சைப் பழத்தைப் பிழிந்தார். சர்க்கரை போட்டு, சாப்ஸ்டிக்கால் அடி அடியென்று அடித்தார். நுரை பொங்கியது, நிறம் வெளுத்தது, நாற்றம் பாதிக்குமேல் காணோம். அதில் ஆப்ப சோடா ஏதும் சேர்க்கிறார்களா? நாற்றம் எங்கே போனது?"

நாற்றம் எங்கும் போகவில்லை. அந்தக் கிண்ணத்துக்குள்ளேயேதான் இருந்தது, அவர் அதை மிச்சமில்லாமல் தின்றுமிருப்பார். அது எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். பூன் என்றால் அரிசிச் சேவை, டவ் என்பது சோயாவில் செய்த டோஃபு, மம் என்றால் உப்பிட்டு நொதிக்கவைத்தது, தோம் என்றால் இறால். வடவியட்நாமின் தன் ஹோவா மாகாணக் கடலோரம் மம் தோமுக்குப் பெயர்பெற்றது. இதற்குப் பெரிய இறால் வேண்டாம். அசிட்டஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த, ஓரிரு சென்டிமீட்டர் நீளமுள்ள கூனி இறாலே போதும். தமிழகக் கடற்கரையில் சென்னாக்கூனி என்று காயவைத்து விற்கிறார்களே, அதன் உறவுக்காரன்தான். மலேசியத் தமிழர் வீட்டுச் சமையலறையில் இருக்கும் பெலாச்சானும் இதே வகை இறாலிலிருந்துதான் வருகிறது. பெலாச்சானைக் காயவைத்துக் கட்டியாக்குவார்கள், மம் தோம் கூழாகவே நிற்கும்.

இறாலை அரைத்து, ஏராளமாக உப்பைக் கலந்து, சாடியில் வெயில் படும்படி மாதக்கணக்கில் வைக்கிறார்கள். அவ்வளவு உப்பில் அழுகவைக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை பிழைக்காது. ஆனால் இறாலின் செரிமானச் சுரப்பியில் இருக்கும் நொதிகள் உயிரிகள் அல்ல, வெறும் மூலக்கூறுகள். உப்பில் அவற்றின் வேகம் குறையும், வேலை நிற்காது. உயிரோடிருந்தபோது இரையைச் செரித்த அதே நொதிகள் இப்போது இறாலின் தசையையே செரிக்கின்றன. சுவையற்ற நீண்ட புரதச் சங்கிலிகள் துண்டு துண்டாகி, கடைசியில் தனி அமினோ அமிலங்களாகின்றன. அவற்றில் ஒன்றான குளூட்டமேட்தான் 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா 'உமாமி' என்று பெயரிட்ட சுவை. இதுவரை பள்ளிப் பாடம்.

இந்தச் சிதைவின் உடன்பிறப்புகள்தான் அமீன்கள் என்னும் நைட்ரஜன் சேர்மங்கள். கடல் உயிரிகளின் தசையில் ட்ரைமெத்திலமின் ஆக்சைடு என்று ஒரு பொருள் உண்டு. அதற்கு வாசனை கிடையாது. பாக்டீரியாக்கள் அதிலிருக்கும் ஆக்சிஜனை உருவிவிட்டால் எஞ்சுவது ட்ரைமெத்திலமின். பழைய மீனின் வாடை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கூடவே அம்மோனியாவும் சேர்ந்துகொள்ளும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ட்ரைமெத்திலமின் மூலக்கூறு இரண்டு வடிவங்களில் இருக்கலாம். ஒன்று சுதந்திரமானது: மின்னேற்றம் இல்லை, தண்ணீரோடு பெரிய பிடிப்பும் இல்லை, எளிதில் காற்றில் பறந்து மூக்குக்கு வந்துவிடும். இன்னொன்று, ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு நேர் மின்னேற்றம் பெற்றது. மின்னேற்றம் பெற்ற எந்தத் துகளையும் தண்ணீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் சூழ்ந்து இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கரைந்த சமையல் உப்பு எப்படிக் காற்றில் பறப்பதில்லையோ, அப்படியே இதுவும் பறக்காது. பறக்காத பொருளுக்கு வாசனையும் இல்லை.

புளிப்பை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். இரு வடிவங்களும் சரிபாதியாக இருக்கும் எல்லைக்கோடு பிஎச் 9.8. அதற்குக் கீழே ஒவ்வொரு பிஎச் அலகு இறங்கும்போதும் சுதந்திர வடிவம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகச் சுருங்கும். இறால் விழுதுகளின் பிஎச் பெரும்பாலும் 7க்கும் 8க்கும் நடுவில் இருக்கும். 7.8 என்று வைத்துக்கொள்வோம். அப்போது நூறு மூலக்கூறுகளில் ஒன்றுதான் சுதந்திரமாக இருக்கிறது. அந்த ஒன்றே வாசகரை எழுந்து ஓடவைக்கப் பார்த்திருக்கிறது! அது பறந்துபோனதும், சமநிலையைக் காக்க உள்ளேயிருந்து இன்னொன்று புரோட்டானைக் கழற்றிவிட்டு வெளியே வரும். அதனால்தான் எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் வாடை தீருவதில்லை. இப்போது அந்தப் பச்சைப் பழத்தின் சாறு விழுகிறது. குவத் என்னும் அந்தப் பழம் எலுமிச்சையின் உறவு. சிட்ரிக் அமிலம் புரோட்டான்களை வாரிக் கொடுக்கிறது. பிஎச் 6.8க்கு இறங்கினால் ஆயிரத்தில் ஒன்று, 5.8க்கு இறங்கினால் பத்தாயிரத்தில் ஒன்று. கிண்ணத்தில் ஒரு மூலக்கூறுகூடக் குறையவில்லை, அத்தனையும் பூட்டப்பட்டுவிட்டன. மீன் குழம்பில் புளி செய்யும் வேலையும் இதுதான். மீன் அலசிய கையில் எலுமிச்சைத் தோலைத் தேய்க்கிறவர்கள் இந்த வேதியியலைத் தலைமுறைகளாகக் கைப்பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் விழுது வாசனையே இல்லாமல் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. வறுத்த இறாலையும் வறுத்த கடலையையும் நினைவூட்டும் ஒரு மணம் பின்தங்கி நிற்கும். இறால் விழுதின் மணப்பொருட்களில் பைரசீன்கள் என்றொரு குடும்பம் உண்டு. வறுகடலை மணத்துக்கும் இதே குடும்பம்தான் காரணம். இவையும் நைட்ரஜன் கொண்டவைதான், ஆனால் புரோட்டானைப் பிடிக்கும் ஆசை இவற்றுக்கு மிகமிகக் குறைவு. பழச்சாற்றின் புளிப்பெல்லாம் இவற்றுக்குப் போதாது. ஆக, அந்த ஒரு பழம் வாசனைகளைச் சலித்து எடுக்கிறது. முகம் சுளிக்க வைப்பதைக் கீழே பிடித்துவைத்து, நாவில் நீர் ஊறவைப்பதை மேலே விடுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத வேதியியல் இது.

அடுத்து நுரை. சோடா தேவையில்லை. பாதி செரிந்த புரதத் துண்டுகளுக்கு ஒரு பக்கம் தண்ணீர் பிடிக்கும், மறுபக்கம் பிடிக்காது. சாப்ஸ்டிக் காற்றை உள்ளே அடிக்கும்போது இந்தத் துண்டுகள் குமிழியின் சுவரில் வரிசையாக நின்றுகொள்ளும். சாதாரணமாக இவை எதிர் மின்னேற்றத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். அமிலம் அந்த ஏற்றத்தைத் தணிப்பதால் நெருங்கி நிற்க முடிகிறது, சுவர் உறுதிப்படுகிறது. முட்டை வெள்ளைக்கருவில் எலுமிச்சைச் சாறு சொட்டி அடிப்பவர்களுக்கு இந்தத் தந்திரம் தெரியும். இறால் ஓட்டில் கால்சியம் கார்பனேட் இருப்பதால், அமிலம் பட்டதும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறும். நிறம் வெளுத்ததற்குக் காரணம் அந்தக் குமிழிகள்தான். ஆயிரக்கணக்கான சிறு பரப்புகளில் ஒளி சிதறுவதால் ஊதா இளஞ்சாம்பலாகத் தெரிகிறது.

தட்டில் உள்ள மற்ற இரண்டும்கூட இதே புரோட்டானின் பிள்ளைகள்தான். ஹனோயில் பெயர்போன மோ டோஃபுவைச் செய்கிறவர்கள், முந்தைய நாள் டோஃபுவிலிருந்து வடிந்த நீரைப் புளிக்கவைத்து, அதை ஊற்றிச் சோயாப்பாலைத் திரிப்பது வழக்கம். பாலில் மோர் விட்டால் திரிவதுபோல, அமிலம் சோயாப் புரதத்தின் மின்னேற்றத்தைத் தணிக்க, அவை ஒன்றுகூடிக் கட்டியாகின்றன. நுரைச் சுவரில் நடந்தது இங்கே சட்டியளவில் நடக்கிறது. சேவைக்கான அரிசியையும் ஊறவைத்துப் புளிக்கவிடுவதுதான் பழைய முறை. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவிலுள்ள புரதத்தில் ஒரு பகுதியைக் கரைத்துவிடுவதால் இழை வழுவழுப்பாக, இழுபடும்படி வருகிறது.

மூக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2006இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஸ்டீபன் லிபர்லஸ், லிண்டா பக் இருவரும் மூக்கில் அமீன்களை உணரும் தனி ஏற்பிக் குடும்பம் ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். அதில் டிஏஏஆர் 5 என்னும் ஏற்பி ட்ரைமெத்திலமினைப் பிடிப்பது. 2020இல் வெளியான ஐஸ்லாந்து ஆய்வில், இந்த ஏற்பியின் மரபணுவில் ஒரு சிறு மாற்றம் உள்ளவர்களுக்கு மீன் வாடை அவ்வளவு அருவருப்பாக இருப்பதில்லை என்று தெரிந்தது. சிலருக்கு அது மீனாகவே தோன்றவில்லை. மீனோடு வாழும் ஒரு சின்ன நாட்டில், மக்களின் மூக்கை ஆராய ஒரு மரபணு ஆய்வு நிறுவனம் முன்வந்ததால் கிடைத்த அறிவு இது. நம் கருவாட்டுக்கும், வடகிழக்கு இந்தியாவின் நொதித்த மீன்களுக்கும், இந்த மம் தோமுக்கும் இத்தகைய ஆய்வு எவ்வளவு நடந்திருக்க வேண்டும்! ஏழை வீட்டு உணவு, நாற்ற உணவு என்று ஒதுக்கிவைத்ததால்தான் ஆய்வுப் பணமும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஒதுக்குதல் வியட்நாமிலும் இருக்கிறது. சந்திர மாதத்தின் முதல் சில நாட்களில் மம் தோம் தின்றால் அந்த மாதம் முழுக்கத் துரதிர்ஷ்டம் என்று வடக்கே பலர் தவிர்க்கிறார்கள். புரோட்டானுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. இதையாவது விட்டுவிடலாம், 2007இன் கடைசியில் நடந்தது அப்படியல்ல. ஹனோயிலும் வட மாகாணங்களிலும் காலரா வகை வயிற்றுப்போக்கு பரவியபோது முதல் சந்தேகம் மம் தோம் மேல்தான் விழுந்தது, விற்பனைக்கும் தடை வந்தது. நோய் பரவும்போது அதிகாரிகள் எச்சரிக்கையாக இருப்பது நியாயம். ஆனால் காலராக் கிருமி சுமார் 6 சதவீதத்துக்கு மேல் உப்பிருந்தால் வளராது. அமிலமும் அதற்கு ஆகாது. சாடியில் ஊறிய விழுதுக்குள் அது பெருகுவது நடக்காத காரியம். தண்ணீர் கலந்து நீர்த்த விழுதும், அழுக்குத் தண்ணீரில் அலசிய கிண்ணமும் வேறு கதை. பக்கத்தில் இருந்த பச்சிலையும்தான். பயணம் போகிறவர்கள் வாடையடிக்கும் கிண்ணத்தைச் சந்தேகிப்பதைவிட, மணக்கும் இலை எந்தத் தண்ணீரில் கழுவப்பட்டது என்று கேட்பது நல்லது.

வாசகர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். ஒரு புட்டி வாங்கி வந்துவிட்டார், வீட்டில் திறக்க விடமாட்டேன் என்கிறார்கள், வாணலியில் போட்டுக் காய்ச்சினால் வாடை போய்விடுமா என்று. வேண்டாம். சூடு பட்டால் சுதந்திரமாக இருக்கும் அமீன்கள் கூட்டமாக ஆவியாகி அடுக்குமாடி முழுக்கப் பரவிவிடும். குவத் பழம் கிடைக்காவிட்டால் எலுமிச்சை போதும். ஒரு தேக்கரண்டி விழுதுக்கு அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து, சர்க்கரையும் நறுக்கிய மிளகாயும் சேர்த்து, நுரை நிற்கும்வரை அடித்துக்கொள்ளுங்கள். டோஃபு பொரித்த எண்ணெயில் ஒரு கரண்டி கொதிக்கக் கொதிக்க மேலே விடுவது அங்கே சில கடைகளில் வழக்கம். அது கடைசியில்தான் வரவேண்டும். அமிலம் தன் பூட்டைப் போட்டபிறகு சூடான எண்ணெய் பட்டால், வெளியே வர மீதமிருப்பது அந்த வறுத்த இறால் மணம்தான்.